பழைய ஏரோ சக்கரங்களை இன்றைய ட்ரையத்லானுக்குத் தயார்ப்படுத்துவது எப்படி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லானின் சைக்கிள் பகுதி ஒலிம்பிக் தூரத்தில் 40 கிலோமீட்டர், அரை அயர்ன்மேனான 70.3 பந்தயத்தில் 90, முழு அயர்ன்மேனில் 180 கிலோமீட்டர். பெரும்பாலான பந்தயங்களில் இந்தத் தூரம் முழுவதையும், முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிக்கொள்ள அனுமதியில்லாமல், ஒவ்வொருவரும் தனியாகவே காற்றை எதிர்கொண்டு ஓட்ட வேண்டும். காற்றை வெல்வதற்குத் தேவையான ஆற்றல் வேகத்தின் முப்படி வீதத்தில் ஏறுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 36க்குப் போக வேண்டுமானால், வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது என்றாலும், காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ 73 சதவீதம் அதிக வாட் செலவாகும். ஆழமான ரிம்களுக்கும் (சக்கரத்தின் வெளி வளையங்களுக்கும்) டிஸ்க் வீல்களுக்கும் இவ்விளையாட்டில் இத்தனை மதிப்பு இருப்பது இதனால்தான்.

சந்தை இப்போது வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. புதிய ட்ரையத்லான் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே டிஸ்க் பிரேக்கோடும் அகன்ற ரிம்களோடும் வருகின்றன. ஆகவே 1990 முதல் 2010 வரை பந்தயக்காரர்கள் ஏங்கிய ரிம் பிரேக் சக்கரங்கள், அன்றைய விலையில் ஒரு சிறு பங்குக்குப் பழைய பொருளாகக் கிடைக்கின்றன. அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதைப் பரிசோதிப்பது, எப்படிப் பூட்டி ஓட்டுவது என்பதையே இங்கே சொல்கிறேன். ஒரு சொல் விளக்கம் முதலில் தேவை: டிஸ்க் வீல் என்பது ஸ்போக் கம்பிகளே இல்லாமல் தட்டுபோல் முழுவதும் மூடிய சக்கரம், டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் பொருத்திய தகட்டைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு. விற்பனை விளம்பரங்களில் இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன.

எது பழசானது, எது ஆகவில்லை

டிஸ்க் வீல் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் ஃபிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தபோது அவர் சைக்கிளில் இருந்தவை டிஸ்க் வீல்கள்தாம். 1989 டூர் டி ஃபிரான்சின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனிநேர ஓட்டத்தில் கிரெக் லெமோண்ட் 50 வினாடிப் பின்தங்கலை ஈடுகட்டி 8 வினாடியில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றார். அவருடைய பின் சக்கரமும் டிஸ்க் வீலே. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டீவ் ஹெட் 1980களின் நடுவில் டிஸ்க் வீல் செய்யத் தொடங்கியபோது அவற்றை முதலில் விரும்பி வாங்கியவர்களில் ட்ரையத்லான்காரர்கள் முக்கியமானவர்கள். ரிம்மின் நடுப்பகுதி டயரைவிடச் சற்றுப் புடைத்து நிற்கும் வடிவமும் அவர் பட்டறையோடு சேர்ந்து நினைக்கப்படுவது. பிறகு ஜிப் நிறுவனத்தின் 404, 808 முதலிய ரிம்களிலும் அதே புடைப்பைக் காணலாம். டூபாண்டும் ஸ்பெஷலைஸ்டும் சேர்ந்து உருவாக்கிய மூன்று கை கொண்ட ட்ரை-ஸ்போக் சக்கரம் பின்னாளில் ஹெட் பெயரிலேயே தொடர்ந்து விற்றது.

இந்த வடிவங்கள் அன்று காற்றை எப்படி வெட்டினவோ, இன்றும் அப்படியே வெட்டுகின்றன. காற்று மாறவில்லை. மாறியது நம் டயர். அன்று 19 முதல் 23 மி.மீ. டயரை வைத்து வரையப்பட்ட ரிம்மின் மேல் இன்று நாம் 25, 28 மி.மீ. டயரை ஏற்றுகிறோம். டயர் ரிம்மைவிட அகலமாகிக் காளானின் குடைபோல் பிதுங்கும்போது, டயரைச் சுற்றி வரும் காற்று ரிம்மின் மேல் படியாமல் பிய்ந்து போகிறது. ஆழமான ரிம்முக்காகக் கொடுத்த பணம் அங்கேயே வீணாகிறது. நேர் எதிர்க்காற்றில் இந்த இழப்பு சிறிதாகவும், பக்கவாட்டில் சாய்ந்து வீசும் காற்றில் பெரிதாகவும் இருக்கும்.

இதிலிருந்து இந்த வழிகாட்டியின் மையமான ஆலோசனை பிறக்கிறது. கலங்காத காற்றை முதலில் சந்திப்பது முன் சக்கரம். டயரும் ரிம்மும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டிய கட்டாயம் அங்கேதான் அதிகம், காற்று பிடித்துத் திருப்பும் ஹேண்டிலும் அங்கேதான் இருக்கிறது. பின் சக்கரமோ சீட் குழாயின் மறைவிலும், ஓட்டுபவரின் கால்கள் கலக்கிவிட்ட காற்றிலும் ஓடுகிறது. ஆகவே பழைய டிஸ்க் வீலைப் பின்னால் போட்டால் அதன் வயது வேகத்தில் பெரிதாகத் தெரியாது. பழைய முன் சக்கரத்தில்தான் தெரியும். ஒரே ஒரு பழைய சக்கரம் வாங்கப் பணமிருந்தால் பின்னுக்கு டிஸ்க் வீல் வாங்குங்கள். மீதிப் பணத்தை முன்னால் இயன்றவரை அகன்ற, பிற்கால ரிம் ஒன்றுக்கு ஒதுக்குங்கள்.

உங்கள் சைக்கிளில் ஏறுமா

விலை பேசுமுன் அச்சைப் பாருங்கள். ரிம் பிரேக் காலத்து முன் ஹப் 100 மி.மீ., பின் ஹப் 130 மி.மீ.; இரண்டும் நெம்புகோல் கொண்ட குயிக் ரிலீஸ் கம்பியால் இறுகுபவை. டிஸ்க் பிரேக் சைக்கிளில் பின்னால் 142 மி.மீ. இடைவெளியும் 12 மி.மீ. துளை அச்சும் இருப்பதால் இச்சக்கரங்கள் அதில் உட்காரா. உட்கார்ந்தாலும் பிரேக் தகடு மாட்ட ஹப்பில் இடமில்லை. இதற்குக் குறுக்கு வழி ஏதும் கிடையாது. இன்னும் பழைய, ஆறு ஏழு பல்சக்கரக் காலத்துப் பின் ஹப்புகள் 126 மி.மீ.; கார்பன் சட்டத்தை (ஃபிரேமை) நெருக்கிப் பிடித்து அவற்றைப் பூட்ட முயல வேண்டாம்.

அடுத்தது விட்டம். 1990களின் ட்ரையத்லான் சைக்கிள்கள் பல 650சி எனப்படும் சிறிய சக்கரத்தில் வந்தன. அந்த ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 571 மி.மீ.; வழக்கமான 700சிக்கு அது 622 மி.மீ. இப்போது கடைகளில் புழங்கும் 650பி என்பது 584 மி.மீ.; பெயர் ஒத்திருப்பதால் ஏமாந்து அந்த டயரை வாங்கி வந்து ரிம்மோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. 650சிக்கு நல்ல பந்தய டயர் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. உயரம் குறைந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள்கள் அழகாகப் பொருந்தின என்பது உண்மையே. ஆனாலும் ஏற்கெனவே அத்தகைய சைக்கிள் உங்களிடம் இருந்தாலன்றி அச்சக்கரத்தை வாங்காதீர்கள்.

பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கேசட் ஏறி உட்காரும் ஹப் பகுதியே ஃப்ரீஹப். ஷிமானோவின் 8, 9, 10 வேகக் காலத்து ஃப்ரீஹப், 11 வேக ரோடு ஃப்ரீஹப்பைவிட 1.85 மி.மீ. குட்டை. அந்தச் சிறிய வித்தியாசத்தால் வழக்கமான 11 வேக கேசட் அதில் முழுமையாக இறங்காது. விதிவிலக்கு 11-34 பல் கொண்ட எச்ஜி700, எச்ஜி800 கேசட்டுகள். அவற்றின் பெரிய பல்சக்கரம் உள்பக்கமாகக் கவிழ்ந்திருப்பதால் பழைய ஃப்ரீஹப்பிலும் பொருந்தும். ஆனால் சமதளப் பந்தயத்துக்கு 11-34இல் பல்லுக்குப் பல் தாவல் பெரிதாக இருக்கும். கேம்பனோலோ பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு: 9 வேகத்திலிருந்து 12 வேகம் வரையான ரோடு கேசட்டுகளை ஒரே வகை ஃப்ரீஹப் தாங்கும். எதிர்த்திசையில் சிக்கல் எளிது. 11 வேக ஹப்பில் 10 வேக கேசட்டைப் போட வேண்டுமென்றால் 1.85 மி.மீ. வளையம் ஒன்றை (ஷிமானோவின் 10 வேக ரோடு கேசட்டுகள் பலவற்றுக்கு அவற்றோடு வரும் 1 மி.மீ. வளையத்தையும் சேர்த்து) உள்ளே இட்டால் போதும்.

வாங்குமுன் பரிசோதனை

கையில் சக்கரம் வந்ததும் முதலில் பிரேக் பிடிக்கும் தடத்தைத் தடவிப் பாருங்கள். ஹெட் ஜெட் போன்ற சக்கரங்களில் ரிம் அலுமினியம்; அதன் மேல் கார்பன் உறை ஒன்று காற்றுக்காக மட்டும் ஒட்டப்பட்டிருக்கும், பளு தாங்குவது அலுமினியமே. 2010க்கு முந்தைய ஜிப் கிளிஞ்சர்களிலும் (தனி டியூப் போடும் வகைகளிலும்) பிரேக் தடம் அலுமினியம்தான். இத்தகைய ரிம்மில் தடத்தின் குறுக்கே ஒரு நேர் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; நடுவில் குழிந்திருந்தால் பிரேக் பேட் அதைத் தின்றிருக்கிறது, சுவர் மெலிந்திருக்கிறது. மெலிந்த சுவர் ஒரு நாள் டயரின் அழுத்தம் தாங்காமல் வெளிப்பக்கம் பிளந்துகொள்ளும். கார்பன் உறை ரிம்மோடு சேரும் கோட்டில் நகம் நுழைகிறதா என்று பாருங்கள்; வியர்வையும் இனிப்புப் பானமும் வடிந்து வடிந்து, அலுமினியம் அந்த இடத்தில் வெண்பொடியாக அரித்திருப்பதுண்டு.

முழுக் கார்பன் ரிம்மானால் ஒரு நாணயத்தால் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கும் ஒரே கூர்மையான ஒலி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மந்தமான, செத்த ஒலி கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அந்தச் சக்கரத்தை விட்டுவிடுங்கள். ஸ்போக் துளைகளைச் சுற்றி நட்சத்திரம்போல் விரியும் மெல்லிய விரிசல்களைக் கைவிளக்கின் வெளிச்சத்தில் தேடுங்கள். மேற்பூச்சு மஞ்சளாகியிருப்பது வெயிலின் வேலை. அது மட்டும் இருந்தால் கவலையில்லை.

பிறகு சுழற்றிப் பார்க்க வேண்டும். சிறு ஆட்டமானால் கோட்டம் எடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் ஆழமான பழைய ரிம்கள் பலவற்றில் ஸ்போக்கை இறுக்கும் நிப்பிள் ரிம்முக்குள் மறைந்திருக்கும். கோட்டம் எடுக்க ஒவ்வொரு முறையும் டயரையும் ரிம் டேப்பையும் கழற்ற வேண்டும். டயரைப் பசையால் ஒட்டும் டியூபுலர் சக்கரமென்றால் ஒட்டிய டயரையே உரிக்க நேரிடும் என்பதால், நல்ல கடைக்காரரும் அதற்கு முகம் சுளிப்பார். மறைந்திருக்கும் அலுமினிய நிப்பிள்கள் வியர்வை பட்டு அரித்துச் சாவியைப் போட்டதும் உதிர்ந்து போவதும் வழக்கமே. அச்சைக் கையில் பிடித்து உருட்டுங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் பால்ரஸ் மாற்ற வேண்டும், அது பெரிய செலவன்று. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

ட்ரை-ஸ்போக்குக்கும் டிஸ்க் வீலுக்கும் கோட்டம் எடுக்கவே வழியில்லை. வளைந்திருந்தால் வளைந்ததுதான். மாறாக, வளையாத ஒன்று கிடைத்துவிட்டால் அது பல ஆண்டுகளுக்குத் தொல்லையே தராது. இருபது வயதைத் தாண்டிய ட்ரை-ஸ்போக்குகள் இன்னும் நேராக ஓடுவதைப் பார்க்கலாம். எல்லாப் பழைய வடிவங்களுக்கும் இந்த நற்சான்று பொருந்தாது. எட்டுக் கார்பன் தகடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்த ஸ்பினர்ஜி ரெவ்-எக்ஸ் 1990களில் பெரும் புகழ் பெற்றது. பின்னர் உலகச் சைக்கிள் சங்கமான யுசிஐ கொண்டுவந்த சக்கரச் சோதனை விதிகளுக்குப் பிறகு பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டது. சுவரில் மாட்டி வைக்க அழகான பொருள். ஓட்டுவதற்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டியூபுலரா, கிளிஞ்சரா

டயரின் விளிம்புகள் ரிம்மின் கொக்கியில் மாட்டி உள்ளே தனி டியூப் இருப்பது கிளிஞ்சர். டயரும் டியூபும் ஒன்றாகத் தைக்கப்பட்டு ரிம்மில் பசையால் ஒட்டப்படுவது டியூபுலர். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் டியூபுலர்கள். காரணம், ஒட்டும் வேலைக்கு இன்று யாருக்கும் பொறுமையில்லை. என் தரவரிசை இது: அலுமினியப் பிரேக் தடமுள்ள கிளிஞ்சர் முதலில், கார்பன் டியூபுலர் அடுத்து, தொடக்கக் காலத்துக் கார்பன் கிளிஞ்சர் கடைசியில். அந்தக் கடைசி வகையில் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இழுத்துப் பிடித்தால் சூட்டில் பிசின் இளகி, டயரின் அழுத்தத்தில் ரிம் சுவர் பிதுங்கிவிடும். மலைப்பாதைப் பந்தயத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. டியூபுலரில் கொக்கிச் சுவரே இல்லாததால் ரிம் உறுதியானது. ஆனால் சூடு அங்கே பசையை இளக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பழைய டியூபுலர் வாங்கினால் ஒட்டியிருக்கும் டயர் எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் அதை நம்பாதீர்கள். உரித்தெடுத்து மீண்டும் ஒட்டுங்கள். புதிய டயரை முதலில் பசையின்றி ரிம்மில் ஏற்றி, காற்றடித்து ஓரிரு நாள் வையுங்கள். தளர்ந்தால்தான் ஒட்டும்போது மல்லுக்கட்ட வேண்டியிராது. ரிம்மின் பள்ளத்திலுள்ள பழைய பசைக் கட்டிகளைச் சுரண்டி, துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். கார்பன் ரிம்முக்கென்றே விற்கும் பசையை ரிம்மில் மெல்லியதாக ஒரு பூச்சு, டயரின் அடித்துணியில் ஒரு பூச்சு தடவி இரவு முழுவதும் காயவிட வேண்டும். மறுநாள் ரிம்மில் இன்னொரு மெல்லிய பூச்சு தடவி, அது விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே டயரை ஏற்றுங்கள்: வால்வைத் துளையில் செலுத்தி, சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, இரண்டு கைகளாலும் டயரைக் கீழ்நோக்கி இழுத்து அழுத்தியபடியே எதிர்ப்புறம் வரை வந்து, கடைசிப் பகுதியைக் கட்டைவிரல்களால் தள்ளி ஏற்றுங்கள். சிறிது காற்றடித்து, அடித்துணி இரு பக்கமும் சமமாகத் தெரிகிறதா என்று சுழற்றிப் பார்த்துத் திருத்திவிட்டு, முழு அழுத்தத்தில் 24 மணி நேரம் வையுங்கள். அதன்பின் காற்றை இறக்கி, பக்கவாட்டிலிருந்து கட்டைவிரலால் டயரை வலுவாகத் தள்ளுங்கள். எங்கேனும் ரிம்மிலிருந்து டயர் பிரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ட்ரையத்லானில் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உதவி வண்டி உங்கள் பின்னால் வராது. பஞ்சரானால் நீங்களே உரித்து மாற்ற வேண்டும். 2004இல் ஹவாய் அயர்ன்மேனை வென்ற நார்மன் ஸ்டாட்லர், மறு ஆண்டு அதே பந்தயத்தில் பஞ்சராகி, அளவுக்கு மீறி ஒட்டிய பசையால் டயரை உரிக்க முடியாமல் ஆத்திரத்தில் சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பந்தயத்திலிருந்து விலகினார். 2006இல் மீண்டும் வென்றார் என்பது வேறு விஷயம். அதனால் அனுபவசாலிகள் வால்வுக்கு நேர் எதிரே இரண்டு மூன்று விரற்கடை அளவுக்குப் பசை தடவாமல் விடுவார்கள். அங்கே விரலையோ டயர் நெம்புகோலையோ நுழைத்தால் மற்ற பகுதி உரிந்து வரும். மாற்று டயரை வீட்டிலேயே பசை தடவிக் காயவைத்து மடித்து எடுத்துச் செல்லுங்கள். சாலையோரத்தில் மாற்றிய டயர் முழுப் பிடிப்போடு இராது. எஞ்சிய தூரத்தில் வளைவுகளை மெதுவாக எடுக்க வேண்டும்.

டயரும் காற்றும்

வெர்னியர் அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரிம்மின் மிக அகன்ற இடத்தையும், காற்றடித்த டயரின் அகலத்தையும் அளந்து பாருங்கள். ஜிப்பில் பொறியாளராக இருந்த ஜாஷ் போர்ட்னர் சொன்ன கணக்கு ஒன்று இத்துறையில் எல்லாரும் அறிந்தது: ரிம்மின் அகலம் டயரின் அகலத்தைவிட ஐந்து சதவீதமாவது அதிகமாக, அதாவது 105 சதவீதம் இருந்தால்தான் டயரை விட்டகன்ற காற்றை ரிம் மீண்டும் பற்றிக்கொள்ளும். வி வடிவத்தில் சரியும் 19 மி.மீ. ரிம்முக்கு இக்கணக்கின்படி 18 மி.மீ. டயர் வேண்டும், அப்படியொன்றை இன்று தேடுவதில் பொருளில்லை. 26 மி.மீ. புடைப்புள்ள ரிம்மில் 23 அல்லது 24 மி.மீ. வரும் டயர் தாராளமாக அடங்கும். ஆகவே பழைய முன் சக்கரம் வாங்குவதானால் வி வடிவத்தைத் தவிர்த்துப் புடைத்த வடிவத்தைத் தேடுங்கள். பக்கக் காற்றில் ஹேண்டிலைத் திடீரென வெட்டி இழுப்பதும் வி வடிவத்தில்தான் அதிகம்.

டயர் மேல் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். ரிம்மின் உள்ளகலம் 13 மி.மீ. மட்டுமே உள்ள பழைய கிளிஞ்சரில் இன்றைய டயர் அச்சிட்டதைவிடக் குறுகலாகவே நிற்கும். முன்னால் 23, பின்னால் 25 என்பது பெரும்பாலான பழைய ரிம்களுக்கு நல்ல தொடக்கம். பல சட்டங்களில் பின் பிரேக் பெடல் அச்சுக்கு அடியில் இருப்பதால், 25 மி.மீ. டயர் அங்கே உரசாமல் சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்தில் பழைய வழக்கத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. 120, 140 பிஎஸ்ஐ என்று கல்லாக அடித்து ஓட்டியது ஒரு காலம். சொரசொரப்பான சாலையில் அது ஆற்றலைத் துள்ளலாகவே வீணாக்கும். 70 கிலோ எடையுள்ளவர் 23 மி.மீ. டயரில் 95 அல்லது 100 பிஎஸ்ஐயிலிருந்து தொடங்கி, உடல் அதிர்வைப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வரலாம். அலுமினியத் தடமுள்ள கிளிஞ்சரில் லேடெக்ஸ் டியூப் போடுங்கள். சாதாரண டியூபைவிட உருளும் தடை குறைவதால், மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் வேகம் அதுவே. கார்பன் கிளிஞ்சரில் மட்டும் லேடெக்ஸ் வேண்டாம், பிரேக் சூட்டில் அது வெடிக்கக்கூடும்.

பிரேக், விதி, காற்று

கார்பன் தடத்துக்குக் கார்பனுக்கான பிரேக் பேட் கட்டாயம். பயிற்சிச் சக்கரத்தின் அலுமினியத்தில் தேய்ந்த பேட்டில் உலோகத் துகள்கள் பதிந்திருக்கும். அதையே கார்பனில் வைத்துப் பிடித்தால் அரம்போல் அறுத்துவிடும். பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் அலுமினியத் தடமே இருந்தால் இந்த மாற்றல் வேலை இல்லை என்பதும் அவ்வகையை நான் முதலில் வைத்ததற்கு ஒரு காரணம். ரிம் அகலம் மாறினால் பேட்டின் உயரமும் கேபிளின் இறுக்கமும் மாறும். பேட் ரிம்மைத் தாண்டி டயரின் சுவரில் உரசினால் சில கிலோமீட்டரிலேயே டயர் கிழியும். ஈரத்தில் கார்பன் தடம் முதல் சில சுற்றுகள் பிடிக்கவே பிடிக்காது. வளைவுக்கு வெகு முன்பே தொட்டுப் பழக்க வேண்டும்.

விதிகளைப் பந்தயத்துக்குப் பந்தயம் படித்துக்கொள்ளுங்கள். அயர்ன்மேன் பந்தயங்களில் முன்னால் டிஸ்க் வீல் கூடாது, பின்னால் கூடும். ஹவாய் அயர்ன்மேன் நடக்கும், காற்றுக்குப் பேர்போன கோனாவில் பின்னாலும் கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. கூட்டமாக ஓட்ட அனுமதிக்கும் பந்தயங்களின் சக்கர விதிகள் இன்னும் கடுமையானவை. டிஸ்க் வீலுக்கு அங்கே இடமே இல்லை. டிஸ்க் வீல் வாங்க மனமில்லாதவர்கள் ஸ்போக் சக்கரத்தின் மேல் இரு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் மூடியை நினைத்துப் பார்க்கலாம். காற்றைப் பொறுத்தவரை அது டிஸ்க் வீலுக்கு மிக அருகில் வரும், எடை மட்டும் சற்றுக் கூடும்.

பின் டிஸ்க் வீல் காற்றில் தள்ளாடும் என்ற பயம் பொதுவாக மிகையானது. அதன் மேல் உங்கள் எடை இருக்கிறது, அது திரும்புவதும் இல்லை. பயப்பட வேண்டியது ஆழமான முன் சக்கரத்துக்கே. பந்தயத்துக்குச் சில வாரம் முன்பே, காற்று வீசும் நாளாகப் பார்த்து, முன்னோக்கி நீளும் கைப்பிடியான ஏரோபாரில் படுத்தபடி ஓட்டிப் பழகுங்கள். உடல் எடை குறைந்தவர்களுக்கு 80 மி.மீ. முன் ரிம் தேவையில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஹேண்டிலைப் பற்றிக்கொள்ள வேண்டிய ஒவ்வொரு நிமிடமும் ரிம் மிச்சப்படுத்தியதைவிடப் பெரிய இழப்பு.

கடைசியாக வால்வு. ஆழமான ரிம்முக்கு நீட்டுக் குழாய் வேண்டும். அதன் மரையில் டெஃப்லான் நாடா சுற்றாவிட்டால் காற்று கசியும். டிஸ்க் வீலின் சிறிய துளைக்குள் சாதாரண பம்பின் தலை நுழையாது, வளைந்த இணைப்பு ஒன்று தேவைப்படும். பந்தயக் காலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் யாரிடமாவது பம்பு கிடைக்கும். அந்த வளைந்த இணைப்பு யாரிடமும் கிடைக்காது. அதை முந்தைய இரவே பையில் போட்டு வையுங்கள்.